தேர்தலை நடத்தியவர் எப்படிச் சிறைக்குப் போனார்? முஸ்தபா தாஜ்சாதேயின் வாழ்க்கை வழியாக ஈரானின் சீர்திருத்தவாதிகள்: ஓர் எளிய விளக்கம்

'ஈரானில் சீர்திருத்தவாதத் தலைவர் கைது' என்று செய்தி வரும்போதெல்லாம் நம்மிடையே இரண்டு விதமான பேச்சு எழுகிறது. ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தவர், பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள் என்பார்கள் சிலர். இவரும் அந்த ஆட்சியின் ஆள்தானே, பங்காளிச் சண்டைக்கு நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்பார்கள் வேறு சிலர். இரண்டு பேச்சும் பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு மீதியை விட்டுவிடுகின்றன. அந்த மீதி புரியாமல் ஈரானில் தேர்தல் ஏன் நடக்கிறது, மக்கள் ஏன் கோடிக்கணக்கில் போய் வாக்களிக்கிறார்கள், பிறகு ஏன் தெருவுக்கு வருகிறார்கள் என்பது எதுவுமே புரியாது.

இதை விளக்க முஸ்தபா தாஜ்சாதேயின் வாழ்க்கை மிகவும் பொருத்தமானது. அந்த நாட்டின் தேர்தலை நடத்தும் பொறுப்பிலேயே ஒரு காலத்தில் இருந்தவர் அவர். 2009 ஜூன் 12 அன்று அதிபர் தேர்தல் நடந்தது. மறுநாள் அவர் கைது செய்யப்பட்டார். அடுத்த 7 ஆண்டுகளில் சில மாதங்கள் போக மீதிக் காலம் முழுவதும் சிறையில் கழிந்தது.

முதலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு

நூறு வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் சங்கத் தேர்தல் நடக்கிறது. எல்லோரும் வாக்களித்துச் செயலாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாக்குப் பெட்டி உண்டு, எண்ணிக்கை உண்டு, போட்டியும் உண்மையானதுதான். ஆனால் யார் போட்டியிடலாம் என்பதை ஒரு சிறு குழு முடிவு செய்கிறது. அந்தக் குழுவை நியமிப்பவர் கட்டடத்தின் ஆயுள்காலப் பொறுப்பாளர். வாட்ச்மேன்கள் அவருடைய ஆட்கள். வாசல் சாவி, ஜெனரேட்டர் சாவி, அறிவிப்புப் பலகையின் சாவி எல்லாம் அவரிடம். சங்கத்தில் தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்பவரையும் அவரே நியமிக்கிறார்.

செயலாளருக்கு வேலையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தண்ணீர் லாரி, குப்பை, மாதக் கட்டணம், பூங்கா என்று குடியிருப்பவர்களின் அன்றாட வாழ்க்கை அவர் கையில் இருக்கிறது. நல்ல செயலாளர் வந்தால் வித்தியாசம் தெரியும். அதனால்தான் மக்கள் அக்கறையோடு வாக்களிக்கிறார்கள். ஆனால் வாசல் சாவியைப் பற்றி அவர் பேசத் தொடங்கிய நாளில் பிரச்சினை வருகிறது.

இந்தக் குடியிருப்பில் வீட்டைக் காலி செய்யாமல், கட்டடத்தை இடிக்கச் சொல்லாமல், சங்க விதிகளைக் கையில் வைத்துக்கொண்டே சாவியைக் கேட்பவர்தான் சீர்திருத்தவாதி.

உண்மையான ஏற்பாடு

1979 புரட்சியில் மன்னராட்சி வீழ்ந்தபின் ஈரானில் எழுதப்பட்ட அரசியல் சட்டம் இரண்டு அடித்தளங்களின்மேல் நிற்கிறது. மக்களின் வாக்கு ஒன்று. மார்க்க அறிஞர் ஒருவரின் தலைமை இன்னொன்று. அந்த அறிஞர் வகிக்கும் பதவிக்கு உச்ச தலைவர் என்று பெயர். முதலில் ஆயத்துல்லா கொமெய்னி இருந்தார். 1989 ஜூனில் அவர் இறந்தபின் அலி காமெனி அந்த இடத்துக்கு வந்தார். பதவிக்குக் கால வரம்பு கிடையாது. படைகளின் தளபதிகள், நீதித்துறைத் தலைவர், அரசு வானொலி தொலைக்காட்சியின் தலைவர் ஆகியோரை நியமிப்பவர் உச்ச தலைவர். வழக்கமான ராணுவத்துக்கு வெளியே, புரட்சியைக் காப்பதற்கென்று உருவாக்கப்பட்ட புரட்சிகரக் காவல் படையும் அவருடைய கட்டளையில்தான் இயங்குகிறது.

அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், 4 ஆண்டுகளுக்கு. மஜ்லிஸ் எனப்படும் நாடாளுமன்றத்தையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் மேலே உட்கார்ந்திருப்பது பாதுகாவலர் சபை. 12 பேர் கொண்ட இந்தச் சபைதான் மொத்தப் புதிருக்கும் திறவுகோல். இதில் 6 பேர் மார்க்க அறிஞர்கள். உச்ச தலைவர் நேரடியாக நியமிப்பவர்கள். மற்ற 6 பேர் சட்ட வல்லுநர்கள்; நீதித்துறைத் தலைவர் கொடுக்கும் பெயர்களிலிருந்து நாடாளுமன்றம் தேர்ந்தெடுப்பவர்கள். அந்த நீதித்துறைத் தலைவரை நியமிப்பவர் யார் என்பதை மேலேயே பார்த்தோம்.

சபைக்கு இரண்டு அதிகாரங்கள். நாடாளுமன்றம் நிறைவேற்றும் எந்தச் சட்டத்தையும் திருப்பி அனுப்பலாம். தேர்தல்களை மேற்பார்வையிடலாம். மேற்பார்வை என்றால் என்ன என்பதைச் சபையே 1991 இல் விளக்கியது: பார்த்துக்கொண்டிருப்பது மட்டுமில்லை, எந்த வேட்பாளரையும் ஏற்கவோ நிராகரிக்கவோ தனக்கு உரிமை உண்டு என்று. இதை 'ஒப்புதல் மேற்பார்வை' என்பார்கள். வயது, கல்வி, வழக்கு விவரம் பார்ப்பதோடு நிற்காமல், ஒருவருடைய விசுவாசம் போதுமா என்று எடைபோடும் அதிகாரம் இது. 1997 அதிபர் தேர்தலுக்கு 238 பேர் மனுச் செய்தார்கள். 4 பேருக்கு அனுமதி கிடைத்தது.

உச்ச தலைவரைத் தேர்ந்தெடுக்கவும் நீக்கவும் உரிமை கொண்ட வல்லுநர் சபை என்ற ஓர் அமைப்பும் உண்டு. அதையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அதற்குப் போட்டியிடுபவர்களுக்கும் பாதுகாவலர் சபையின் அனுமதி வேண்டும். தலைவர் சபையை நியமிக்கிறார், சபை வேட்பாளர்களை வடிகட்டுகிறது, வடிகட்டப்பட்டவர்கள் தலைவரைக் கண்காணிக்க வேண்டும். வட்டம் முழுமையாக மூடிக்கொள்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஈரானில் வாக்கு உண்மையானது, போட்டியும் பல நேரம் உண்மையானது. ஆனால் வாக்கு விழுவதற்கு முன்னால் ஒரு வடிகட்டி இருக்கிறது. வென்றபின் சட்டம் இயற்றினாலும் அதே வடிகட்டி வழியாகத்தான் போக வேண்டும். படையும் நீதிமன்றமும் தொலைக்காட்சியும் வென்றவரின் கையில் இருப்பதில்லை.

உள்ளிருந்து வந்தவர்

தாஜ்சாதே 1950களின் நடுவில் பிறந்தவர். மன்னராட்சிக் காலத்தில் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்து, புரட்சி வந்ததும் நாடு திரும்பிய இளைஞர்களில் ஒருவர். 1980களில் பண்பாட்டு அமைச்சகத்தில், அப்போது அமைச்சராக இருந்து பிற்காலத்தில் அதிபரான முகம்மது கதாமியின் கீழ் பணியாற்றினார். இஸ்லாமியக் குடியரசின் தலைமுறைக் குழந்தை என்றே அவரைச் சொல்லலாம். அந்தக் குடியரசை நம்பி, அதற்காக உழைத்து, அதன் அலுவலகங்களில் வளர்ந்தவர்.

அவர் மட்டும் அப்படியில்லை. 2009 இல் அவருடன் சிறைக்குப் போன மொஹ்சென் மிர்தாமாதி, 1979 இல் தெஹ்ரானிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தைக் கைப்பற்றிய மாணவர் தலைவர்களில் ஒருவர். பெஹ்சாத் நபவி முன்னாள் அமைச்சர், நாடாளுமன்றத்தின் துணைத் தலைவராகவும் இருந்தவர். அந்தத் தேர்தலில் தோற்றதாக அறிவிக்கப்பட்ட மீர் ஹொசைன் முசாவி, ஈராக்குடன் போர் நடந்த ஆண்டுகளில் நாட்டின் பிரதமர். வெளியிலிருந்து வந்து ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தவர்கள் என்று இவர்களைச் சொல்வது வரலாறு தெரியாத பேச்சு.

(தாஜ்சாதே சார்ந்திருந்த கட்சிகளில் ஒன்றின் பெயர் இஸ்லாமியப் புரட்சியின் முஜாஹிதீன் அமைப்பு. ஆட்சிக்கு எதிராக ஆயுதம் ஏந்திய முஜாஹிதீன் எ கல்க் என்பது வேறு, ஒன்றுக்கொன்று நேர் எதிரான அமைப்பு. பெயர் ஒற்றுமையால் இரண்டையும் ஒன்றாக எழுதிவிடுகிறார்கள்.)

1997 மே மாதம் கதாமி அதிபர் தேர்தலில் ஏறத்தாழ 2 கோடி வாக்குகள் பெற்று வென்றார். பதிவான வாக்குகளில் இது 69 சதவீதம். யாரும் எதிர்பார்க்காத வெற்றி. சட்டத்தின் ஆட்சி, பத்திரிகைச் சுதந்திரம், குடிமக்களின் உரிமை என்று பேசி வென்றவர் அவர். இளைஞர்களும் பெண்களும் திரளாக வந்து அவருக்கு வாக்களித்தார்கள். தாஜ்சாதேக்கு உள்துறை அமைச்சகத்தில் அரசியல் விவகாரங்களுக்கான துணை அமைச்சர் பதவி கிடைத்தது. தேர்தல் தலைமையகத்தின் பொறுப்பும் அவருக்கே வந்தது. ஈரானில் தேர்தலை நடத்துவது உள்துறை அமைச்சகம், மேற்பார்வையிடுவது பாதுகாவலர் சபை. வாக்குச்சாவடி, வாக்குச்சீட்டு, எண்ணிக்கை எல்லாம் முதலாவதின் வேலை. சரி, தப்பு என்று முத்திரை குத்துவது இரண்டாவதின் வேலை. இந்த இரண்டுக்கும் நடுவிலிருந்த விரிசலில்தான் அவருடைய வாழ்க்கை திசை மாறியது.

7 லட்சம் வாக்குகள்

1999 பிப்ரவரியில் நகர, கிராம மன்றங்களுக்குத் தேர்தல் நடந்தது. அரசியல் சட்டத்தில் இந்த மன்றங்களுக்கு 1979 முதலே இடம் இருந்தும் 20 ஆண்டுகளாக யாரும் தேர்தல் நடத்தவில்லை. நாடு முழுக்க ஏறத்தாழ 2 லட்சம் இடங்கள். இந்தத் தேர்தலின் மேற்பார்வை பாதுகாவலர் சபையிடம் இல்லை, நாடாளுமன்றத்திடம் இருந்தது. சீர்திருத்தவாதிகள் பெருநகரங்களில் பெரிதாக வென்றார்கள். புதிதாக எந்தச் சட்டமும் இயற்றாமல், காகிதத்தில் உறங்கிக்கிடந்த ஒரு சட்டத்தைச் செயலுக்குக் கொண்டுவந்த காரியம் இது. சீர்திருத்தம் என்று அவர்கள் எதைச் சொன்னார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நாடாளுமன்றத் தேர்தல். தெஹ்ரானுக்கு 30 இடங்கள். எண்ணி முடித்தபோது கிட்டத்தட்ட எல்லா இடங்களும் சீர்திருத்தவாதிகளுக்கு. முன்னாள் அதிபர் அக்பர் ஹாஷெமி ரஃப்சஞ்சானி, நாட்டின் மிகவும் செல்வாக்கான மனிதர்களில் ஒருவர், 30 ஆவது இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தார். பாதுகாவலர் சபை முறைகேடு என்றது. பெட்டிகளை மறுபடி எண்ணச் சொன்னது. வாரங்கள் மாதங்களாயின. கடைசியில் மே மாதம், தெஹ்ரானில் பதிவானவற்றில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் செல்லாது என்று அறிவித்துவிட்டு முடிவை வெளியிட்டது. ரஃப்சஞ்சானி பட்டியலில் மேலே ஏறினார். பழமைவாதிகளின் பக்கமிருந்த குலாம் அலி ஹத்தாத் ஆதெல் உள்ளே வந்தார். பட்டியலிலிருந்த ஒரு சீர்திருத்தவாதி வெளியே போனார். மக்களின் வெறுப்பைப் பார்த்த ரஃப்சஞ்சானி, நாடாளுமன்றம் கூடுவதற்கு முன்பே தன் இடத்தை விட்டு விலகிக்கொண்டார்.

அந்தப் பெட்டிகளுக்குப் பொறுப்பான அதிகாரி தாஜ்சாதே. முறைகேடு நடக்கவில்லை என்று அவர் பகிரங்கமாகச் சொன்னார். விளைவு, வழக்கு அவர்மேலேயே வந்தது. 2001 இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்த்து, தேர்தல் பணிகளில் ஈடுபடத் தடை விதித்தது. பதவியும் போயிற்று. பாதுகாவலர் சபையின் செயலாளர் அகமது ஜன்னத்தியின்மேல் அவர் கொடுத்த எதிர்ப்புகார் விசாரணைக்கே வரவில்லை. 7 லட்சம் பேருடைய வாக்கை ரத்து செய்தவரிடம் காரணம் கேட்க வேண்டும் என்று பிற்காலத்திலும் அவர் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதே காலத்தில் மற்ற சாவிகளும் திரும்பின. 2000 மார்ச்சில் சீர்திருத்த இயக்கத்தின் சிந்தனையாளர் சயீத் ஹஜ்ஜாரியான் தெஹ்ரானில் பட்டப்பகலில் சுடப்பட்டார். உயிர் பிழைத்தார், ஆனால் உடலும் பேச்சும் முன்போல் திரும்பவில்லை. ஏப்ரலில் நீதித்துறை அடுத்தடுத்துப் பத்திரிகைகளை மூடியது. 2002 இல் கதாமி இரண்டு சட்ட முன்வரைவுகளைக் கொண்டுவந்தார்: ஒன்று அதிபரின் அதிகாரத்தை உறுதிப்படுத்த, மற்றொன்று பாதுகாவலர் சபையின் வடிகட்டும் அதிகாரத்தைக் குறைக்க. நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இரண்டும் பாதுகாவலர் சபையின் ஒப்புதலுக்குப் போயின. சபை மறுத்தது. 2004 இல் கதாமி அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதே ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் 2000 பேருக்கு மேல் வேட்பாளர்கள் நிராகரிக்கப்பட்டார்கள். பதவியிலிருந்த உறுப்பினர்கள் ஏறத்தாழ 80 பேரும் அதில் அடக்கம்.

சுருக்கமாக: சீர்திருத்தவாதிகள் 1997 முதல் 2001 வரை நடந்த அதிபர், நாடாளுமன்ற, நகர மன்றத் தேர்தல்களில் வென்றார்கள். வென்ற பிறகும் சட்டத்தை மாற்ற முடியவில்லை, ஏனென்றால் மாற்ற வேண்டிய அமைப்பிடமே அனுமதி கேட்க வேண்டியிருந்தது. 'இவர்களுக்கு வாய்ப்புக் கொடுத்தும் ஒன்றும் செய்யவில்லை' என்ற குற்றச்சாட்டை எடைபோடும்போது இதை மறந்துவிடக் கூடாது.

2009: என் வாக்கு எங்கே?

2009 தேர்தலில் 4 பேருக்கு அனுமதி: பதவியிலிருந்த அதிபர் மகமூத் அகமதிநிஜாத், முசாவி, முன்னாள் சபாநாயகர் மெஹ்தி கரூபி, புரட்சிகரக் காவல் படையின் முன்னாள் தளபதி மொஹ்சென் ரெஸாயி. முசாவியின் ஆதரவாளர்கள் பச்சை நிறத்தை ஏற்றார்கள். கடைசி வாரங்களில் தெஹ்ரான் தெருக்கள் நள்ளிரவு வரை பச்சையாக இருந்தன. வாக்குப்பதிவு 85 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டது.

வாக்குப்பதிவு முடிந்த சில மணி நேரத்திலேயே அரசுச் செய்தி நிறுவனம் அகமதிநிஜாத்துக்கு வெற்றி என்றது. ஏறத்தாழ 4 கோடி வாக்குச்சீட்டுகளைக் கையால் எண்ண வேண்டிய நாடு அது. அதிகாரபூர்வ முடிவு: அகமதிநிஜாத் 62.6 சதவீதம், முசாவி 34 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. ஜூன் 15 அன்று தெஹ்ரானின் புரட்சிச் சதுக்கத்திலிருந்து விடுதலைச் சதுக்கம் வரை மக்கள் வெள்ளமாக நடந்தார்கள். பல லட்சம் பேர். கையிலிருந்த அட்டைகளில் 'என் வாக்கு எங்கே?' என்ற கேள்வி.

பாதுகாவலர் சபையின் பேச்சாளர், 50 ஊர்களில் வாக்காளர் எண்ணிக்கையைவிடப் பதிவான வாக்குகள் அதிகம் என்பதை ஒப்புக்கொண்டார். ஈரானில் ஒருவர் எந்த ஊரிலும் வாக்களிக்கலாம், அதனால் இது நடக்கக்கூடியதே, முடிவை மாற்றாது என்பது சபை தந்த விளக்கம். 10 சதவீதப் பெட்டிகளை மட்டும் மறுபடி எண்ணிவிட்டு ஜூன் இறுதியில் முடிவை உறுதி செய்தது. அதற்கு முன்பே, ஜூன் 19 வெள்ளிக்கிழமைத் தொழுகை உரையில் காமெனி முடிவை ஏற்று, தெருவிலிருந்து வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். அதன்பின் துப்பாக்கி இன்னும் உரக்கப் பேசியது. கைதானவர்களில் சிலர் தெஹ்ரானுக்குத் தெற்கே கஹ்ரிசாக் தடுப்பு முகாமில் அடித்தே கொல்லப்பட்டார்கள். ஜூலையில் அந்த முகாமை மூட உத்தரவிட வேண்டிய நிலை வந்தது.

2009 பற்றிய விவாதம் பெரும்பாலும் 'மோசடி நடந்ததா, இல்லையா' என்ற ஒற்றைக் கேள்வியில் சிக்கிவிடுகிறது. என் பார்வையில் அதைவிட முக்கியமான கேள்வி வேறு. புகாரை யாரிடம் கொடுப்பது? வேட்பாளர்களை வடிகட்டிய சபையிடமே. தீர்ப்புச் சொல்வது யார்? அதே சபை. சுதந்திரமான ஒருவர் பெட்டிகளைத் திறந்து பார்க்கும் வழி சட்டத்திலேயே இல்லாதபோது, நேர்மையாக நடந்த தேர்தலைக்கூட நேர்மையானது என்று நிரூபிக்க முடியாது. தாஜ்சாதே 2000 இல் நின்ற அதே இடம்தான் இது. ஆனால் இம்முறை கோடிக்கணக்கானவர்கள் அவருடன் நின்றார்கள்.

நூறு பேர் ஒரே கூண்டில்

தேர்தலுக்கு மறுநாளே சீர்திருத்தக் கட்சிகளின் தலைவர்கள் வீடுகளிலிருந்து கொண்டுபோகப்பட்டார்கள். தெருவில் பெரிய போராட்டம் தொடங்குவதற்கு முன்பே நடந்த கைதுகள் இவை. 'போராட்டத்தைத் தூண்டியதற்காகக் கைது' என்று எழுதுபவர்கள் தேதிகளை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 1 அன்று தெஹ்ரானின் புரட்சி நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியது. தேசப் பாதுகாப்பு வழக்குகளுக்கென்று 1979 இல் ஏற்பட்ட தனி நீதிமன்றம் அது. நூறு பேருக்கு மேல் ஒரே அறையில், சிறை உடையில். கதாமியின் துணை அதிபராக இருந்த முகம்மது அலி அப்தாஹி, உடல் மெலிந்து, தலைப்பாகையும் அங்கியும் இல்லாமல், மோசடி என்று சொன்னது பொய் என்று வாக்குமூலம் கொடுத்தார். தொலைக்காட்சி அதை ஒளிபரப்பியது. வெளிநாட்டு உதவியோடு 'வெல்வெட் சதி' நடந்தது என்பது குற்றப்பத்திரிகையின் சாரம். ஆயுதமில்லாமல் மக்களைத் திரட்டி ஆட்சியை மாற்றும் திட்டம் என்று பொருள். அதே மாதம் இன்னோர் அமர்வில், சுடப்பட்டுப் பேச்சுக் குழறிய ஹஜ்ஜாரியானைத் தூக்கிவந்து உட்காரவைத்தார்கள். அவருடைய வாக்குமூலத்தை வேறொருவர் படித்தார். தன் கருத்துகள் தவறு என்று ஓர் அறிஞர் எழுதிக்கொடுத்ததாக அதில் இருந்தது. சிந்தனையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய நாள் அது.

தாஜ்சாதே அந்தக் கூண்டில் இருந்தார். அவர் வாக்குமூலம் கொடுக்கவில்லை. 6 ஆண்டுச் சிறையும், 10 ஆண்டுகள் கட்சி, பத்திரிகை நடவடிக்கைகளுக்குத் தடையும் தண்டனையாகக் கிடைத்தன.

மன்னிப்புக் கேட்ட கட்டுரை

2010 இல் சில மாதங்கள் அவருக்கு வெளியே வர அனுமதி கிடைத்தது. அப்போது அவர் எழுதிய ஒரு நீண்ட கட்டுரைதான் அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

தமக்கு நடந்ததைப் பற்றிப் புலம்புவது எளிது. அவர் பின்னோக்கித் திரும்பினார். புரட்சியின் தொடக்க ஆண்டுகளில், 1980களில், புரட்சி நீதிமன்றங்கள் மற்றவர்களை இதே விதத்தில்தான் நடத்தின: அவசர விசாரணை, கட்டாய வாக்குமூலம், வழக்கறிஞர் இல்லாத தீர்ப்பு. இடதுசாரிகள், தாராளவாதிகள், கருத்து மாறுபட்ட மார்க்க அறிஞர்கள் என்று பலர் அதில் நசுங்கினார்கள். அப்போது தன் தலைமுறை அதிகாரத்தில் இருந்தது, பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தது. அன்றைய அந்த மௌனத்துக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவர் எழுதினார்.

சீர்திருத்தவாதிகளைப் பற்றிய நியாயமான குற்றச்சாட்டு இதுவே: உங்கள் கையில் அதிகாரம் இருந்தபோது எங்கே போனீர்கள்? கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு அதைக் கேட்க முழு உரிமை உண்டு. கட்டுரை ஒன்று அந்தக் கணக்கைத் தீர்த்துவிடாது. ஆனால் அந்தக் கேள்வியைத் தானே எடுத்துத் தன் மேலேயே வைத்துக்கொண்டு, மறுபடி சிறைக்குப் போகும் வாய்ப்பு தலைக்குமேல் தொங்கும்போது எழுதியவரை நான் மதிக்கிறேன்.

அந்தக் கோடையில் அவரும் இன்னும் 6 சீர்திருத்தவாதிகளும் சேர்ந்து, தேர்தலில் தலையிட்டதாகப் புரட்சிகரக் காவல் படை அதிகாரிகள்மேல் புகார் கொடுத்தார்கள். ஆகஸ்டில் அவர் மீண்டும் எவின் சிறைக்கு அனுப்பப்பட்டார். தெஹ்ரானின் வடக்கு மலையடிவாரத்தில் உள்ள எவின், மன்னர் காலத்திலிருந்தே அரசியல் கைதிகளின் சிறை. அங்கே பல ஆண்டுகள் மற்றக் கைதிகளிடமிருந்து பிரித்து வைக்கப்பட்டிருந்தார். அவருடைய மனைவி ஃபக்ரொஸ்ஸாதாத் மொஹ்தஷமிபூர், அவரும் அரசியல் செயல்பாட்டாளர், கணவருக்குப் பகிரங்கக் கடிதங்கள் எழுதினார். 2011 இல் அவரும் கைதானார். அதே ஆண்டு பிப்ரவரி முதல் முசாவி, அவருடைய மனைவி சஹ்ரா ரஹ்னவார்த், கரூபி ஆகியோர் விசாரணையே இல்லாமல் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார்கள்.

தாஜ்சாதே 2016 ஜூனில் வெளியே வந்தார்.

மறுபடி மனு, மறுபடி சிறை

இந்த இடத்தில் பலர் ஒதுங்கியிருப்பார்கள். அவர் 2021 இல் அதிபர் தேர்தலுக்கே மனுச் செய்தார். அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும், தலைமைப் பதவிக்குக் கால வரம்பு வேண்டும், படைகள் அரசியலிலிருந்து விலக வேண்டும், ஹிஜாபைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பவை அவர் வெளிப்படையாகப் பேசியவை. இருக்கும் சட்டத்தைச் சரியாகப் பின்பற்றினால் போதும் என்று 1997 இல் சொன்னவர்கள் அவரும் நண்பர்களும். 24 ஆண்டுகளுக்குப் பின் சட்டத்தையே மாற்ற வேண்டும் என்ற இடத்துக்கு அவர் வந்திருந்தார். அதையும் வாக்குப் பெட்டி வழியாகவே கேட்டார்.

592 பேர் மனுச் செய்தார்கள். 7 பேருக்கு அனுமதி. தாஜ்சாதேயின் பெயர் அதில் இல்லை. நீதித்துறைத் தலைவராக இருந்த பழமைவாதி இப்ராஹிம் ரெய்சி வென்றார். வாக்குப்பதிவு 48.8 சதவீதம், குடியரசின் அதிபர் தேர்தல்களில் அதுவரை இல்லாத குறைவு. செல்லாத வாக்குகள் மட்டும் 37 லட்சம். ரெய்சிக்கு அடுத்து அதிக வாக்குகள் வாங்கிய எந்த வேட்பாளரையும்விட அதிகம்.

2022 ஜூலை 8 அன்று அவர் மீண்டும் கைது செய்யப்பட்டார். தேசப் பாதுகாப்புக்கு எதிராகச் சதி, பொய் பரப்புதல், ஆட்சிக்கு எதிரான பிரசாரம் என்று மூன்று குற்றச்சாட்டுகள். அவர் நீதிமன்றத்தில் எதிர்வாதம் செய்ய மறுத்தார். அக்டோபரில் 5, 2, 1 என மொத்தம் 8 ஆண்டுகள் விதிக்கப்பட்டன. செய்திகளில் சில இடத்தில் 8 என்றும் சில இடத்தில் 5 என்றும் வருவதற்குக் காரணம் ஈரானின் தண்டனைச் சட்டம்: பல குற்றங்களுக்குத் தண்டனை வந்தால் அவற்றில் மிகப் பெரியதை மட்டுமே அனுபவிக்க வேண்டும். அவர் உள்ளே இருந்த செப்டம்பரில்தான், ஹிஜாபைச் சரியாக அணியவில்லை என்று பிடித்துச் செல்லப்பட்ட இளம்பெண் மஹ்சா அமினி காவலில் இருந்தபோது இறந்ததையொட்டி நாடு முழுவதும் பெண்கள் எழுந்தார்கள். அந்த எழுச்சியில் 'என் வாக்கு எங்கே' என்று யாரும் கேட்கவில்லை. வாக்கின்மேலிருந்த நம்பிக்கையே தீர்ந்துபோன தலைமுறை அது.

இன்று 'சீர்திருத்தவாதி' என்றால் யார்?

அந்த முகாம் இப்போது ஒன்றாக இல்லை. 2023 பிப்ரவரியில் முசாவி வீட்டுக் காவலிலிருந்து ஓர் அறிக்கை வெளியிட்டார். இப்போதைய சட்டத்தின்படி ஆட்சி நடத்துவதால் இனிப் பயனில்லை, புதிய அரசியல் சட்டத்துக்குப் பொதுவாக்கெடுப்பு வேண்டும் என்றார். எவினிலிருந்து தாஜ்சாதே உள்ளிட்ட கைதிகள் சிலர் அதை ஆதரித்தார்கள். அதே நாட்களில் கதாமி, இதுவரை பார்த்துவந்த சீர்திருத்த வழி முட்டுச்சந்துக்கு வந்துவிட்டதை ஒப்புக்கொண்டார். ஆனாலும் இருக்கும் சட்டத்தின் உயிர்ப்பொருளுக்குத் திரும்புவதே வழி என்றார்.

2024 இல் ரெய்சி ஹெலிகாப்டர் விபத்தில் இறந்ததால் திடீர்த் தேர்தல் வந்தது. 80 பேர் மனுச் செய்ததில் 6 பேருக்கு அனுமதி. அவர்களில் மசூத் பெஸெஷ்கியான் சீர்திருத்தவாதிகளின் ஆதரவு பெற்றவர். முதல் சுற்றில் வாக்களித்தவர்கள் 40 சதவீதம்கூட இல்லை. இரண்டாம் சுற்றில் ஏறத்தாழ 50 சதவீதம், பெஸெஷ்கியான் வென்றார். கதாமி அவரை ஆதரித்தார். வீட்டுக் காவலிலிருந்த கரூபியும் ஆதரித்தார். முசாவி வாக்களிக்கவில்லை. ஒரு காலத்தில் நாட்டின் வாக்குச்சாவடிகளுக்கெல்லாம் பொறுப்பாயிருந்த தாஜ்சாதேயும் எவினில் வாக்களிக்க மறுத்தார்.